ஏழாம் நம்பர் நான்தானுங்க

இந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேனுங்க. மேல வெச்சா பிரேக் போடறப்ப யாரு தலையிலயாவது விழும். கனமா? கனமில்லாம என்னங்க. உள்ள ஒரு புள்ளையோட டாக்டர் பட்டம் இருக்குது. ஊசி போடற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ணி வாங்கற டாக்டர். அந்தப் பட்டத்தை நிறுத்திப்போடோணும்னுதான் இன்னிக்குக் கோயமுத்தூர்லருந்து மொத பஸ்ஸைப் புடிச்சு சேலத்துக்கு வந்தேன். இப்பத் திரும்பிப் போறேன்.

நீங்க என்ன பண்றீங்க? மருந்துக்கடையா? எங்க, பீளமேட்லயா? அட, அப்ப நான் சொல்றது உங்களுக்குச் சட்டுனு புரியும். ஏனுங்க, பாட்டில் மேல காய்ச்சல் மருந்துன்னு ஒட்டிப்போட்டு உள்ள பேதி மருந்தை ஊத்தி வெச்சா, குடிச்சவன் மேல தப்பா, ஊத்தினவன் மேல தப்பா? சொல்லுங்க. ஊத்தினவன் மேலதானே? அவ்வளவுதானுங்க. ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்க. இன்னிக்கு நான் போன காலேஜு ஹால்ல நாப்பது பேர் இருந்தாங்க, அத்தனையும் படிச்ச ஜென்மம், ஒருத்தருக்கும் இது ஏறல.

என்ற பேரு குழந்தைவேலு. காந்திபுரத்துல ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனி. ஆம்னி பஸ்ஸுக்காரங்களுக்கு சீட் புக் பண்ற புரோகிராம் எழுதிக் குடுக்கறோம். போன்ல கட்டம் கட்டமா வருமே, எது காலி, எதுல ஆள் இருக்குதுன்னு, அதுக்குப் பின்னாடி ஓடறது நான் எழுதினது. இருபத்தோரு வருசமா அதே சோலிதான். எங்காபீசுல என்னைக் கேக்காம ஒரு வரி மாத்த மாட்டாங்க. மாட்டாங்கன்னா, போன ஐப்பசி வரைக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசம், அந்தப் புள்ளை வந்தா. கோகிலவாணின்னு பேரு, முப்பது வயசு இருக்கும், சேலத்துக்கிட்ட ஒரு காலேஜ்ல ஆராய்ச்சி பண்றாளாம். என்ன ஆராய்ச்சின்னு கேளுங்க. ஒருத்தன் எழுதின புரோகிராமை இன்னொருத்தன் எப்படிப் படிச்சுப் புரிஞ்சுக்கறான்னு ஆராய்ச்சி. இதுக்கு நாலு வருசமா அப்படின்னு எனக்குச் சிரிப்பு. கண்ணைத் திறந்து வெச்சுப் படிக்கறான், வேற எப்படிப் படிப்பான்? ஆனா வாயைத் திறக்கல. ஊட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரி நெனச்சு மரியாதையாத்தான் நடத்தினேன்.

மொத நாள் என்ற பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்தா. 'சார், சீட் புக்கிங்குல என்னென்ன சிக்கல் வரும்'னு கேட்டா. நானும் ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து பஸ்ஸு படம் போட்டு, கட்டம் போட்டு, லேடீஸ் சீட்டுக்குச் சுழி போட்டு, பக்கத்து சீட்டை ஏன் ஆம்பளைக்குக் குடுக்கறதில்ல, ஒரே சீட்டை ரெண்டு ஊர்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல தொட்டா என்ன ஆகும், ஒண்ணொண்ணாச் சொன்னேன். டீ வாங்கிக் குடுத்தேன், பப்ஸு வாங்கிக் குடுத்தேன். அந்தப் பேப்பரை மடிச்சு நோட்டுக்குள்ள வெச்சுட்டுப் போனா. அந்த விசுவாசம் இருக்கோணுமா வேண்டாமா நீங்களே சொல்லுங்க.

மறுநாள் மெஷினோட வந்தா. ஸ்கேல் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. அதைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கீழ ஒட்டி வெச்சா, நம்ம கண்ணு எந்த வரியில நிக்குது, எங்க தாவுதுன்னு அது எழுதிக்குமாம். ஒவ்வொருத்தரா உள்ள போகோணும். போறதுக்கு முந்தி ஒரு ஃபாரம் குடுத்தா, மூணு பக்கம். மேல 'சம்மதப் படிவம்'னு இருந்துது. சம்மதந்தானே, கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஒரு டோக்கன் குடுத்தா. நம்பர் ஏழு. இந்த ஏழை ஞாபகம் வெச்சுக்குங்க.

உள்ள போய் உக்காந்தா, மொதல்ல திரையில ஒரு புள்ளி வரும், அதையே பாக்கோணும். நாலு தடவை பாக்கச் சொன்னா. 'சார், கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்கறீங்களா'ன்னா. கழட்டினா எனக்குத் திரையே தெரியாது, புள்ளி எங்கிருந்து தெரியும்? முடியாதுன்னுட்டேன். 'சரி, பரவாயில்லீங்க சார்'னுட்டு விட்டுட்டா. இது சும்மா சொல்றேன், இதுக்கும் கதைக்கும் சம்பந்தமில்ல.

அப்புறம் திரையில ஒரு புரோகிராம் வந்துது. நாப்பது வரி. இது என்ன வேலை செய்யுதுன்னு சொல்லோணும். மேல பேரு போட்டிருக்குது, இங்கிலீசுல, 'காலி சீட்டைக் கண்டுபிடி'ன்னு. கீழயே ஒரு வரி விளக்கமும் இருக்குது, 'இது காலியான சீட்டுகளைத் தரும்'னு. சோத்துப் பானையில சோறுன்னு எழுதியே வெச்சிருக்குது, இதுக்கு மேல என்னத்தைப் பாக்கறது? பதினோரு செகண்டு. 'காலி சீட்டைத் தேடுது அம்மிணி, அடுத்ததைப் போடு'ன்னேன். 'முழுசும் பாத்துட்டீங்களா சார்'னா. 'நீ பாவாடை கட்டிட்டுப் பள்ளிக்கூடம் போனப்ப இருந்து நான் இதைத்தான் எழுதறேன்'னு சொன்னேன். சிரிச்சா. 'ரொம்ப நன்றி சார்'னு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா குடுத்தா.

என்ற பின்னாடி நஸ்ரின் போனா. அது எங்காபீசுல புதுசாச் சேந்த புள்ளை, அப்ப மூணு மாசங்கூட ஆகல. பதினாலு நிமிசம்! பென்சிலை வெச்சு ஒவ்வொரு வரியாப் பாத்து, பேப்பர்ல எழுதி எழுதிப் பாத்துச்சாம். வெளிய வந்ததும், 'ஏம்மா, எழுத்துக் கூட்டிப் படிச்சியா'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

ஒரு வாரம் கழிச்சு கோகிலவாணிகிட்ட இருந்து ஈமெயில் வந்துது. தலைப்புல 'நன்றி'ன்னு இருந்துது. சரி, நன்றி சொல்றா, சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

போன ஐப்பசியில, தீபாவளிக்கு நாலு நாள் இருக்குது, ஆபீசு குரூப்புல ஒரு கட்டுரையை நஸ்ரின் போட்டுச்சு. 'கோகிலவாணி மேடம் எழுதினது வெளிவந்திருக்குது'ன்னு. டீ குடிச்சுட்டே தொறந்தேன். ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்குது. புரோகிராம்ல வேணும்னே பேரை மாத்தி வெச்சாங்களாம். பேரு 'காலி சீட்'டுன்னு இருக்கும், உள்ள தேடறது ஆள் உக்காந்திருக்கற சீட்டை. இதை யாரு கண்டுபுடிக்கறாங்கன்னு பாத்தாங்களாம். புதுசா வந்தவங்க முக்காவாசிப் பேர் கண்டுபுடிச்சுட்டாங்களாம். அனுபவஸ்தங்க பேரைப் பாத்தே ஏமாந்துட்டாங்களாம். அதுக்குக் கீழ ஒரு கட்டம். 'ஏழாம் நபர். இருபது வருடங்களுக்கு மேல் அனுபவம். இவருடைய பார்வை இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. தவறான பதிலை முழு நம்பிக்கையுடன் சொன்னார்.'

அந்த டீ எனக்கு உள்ள எறங்கலீங்க. இருபத்தோரு வருசம்! என்ற தொழில்ல, என்ற சீட்டை வெச்சே என்னைக் கவுத்துப்போட்டா. அதுவும் நான் பேப்பர்ல வரைஞ்சு குடுத்ததை வெச்சு. என்ன அக்குறும்பு பாருங்க!

நேரா மொதலாளி ரூமுக்குப் போனேன். போனைக் காட்டி, 'இதப் பாருங்க, இந்த ஏழாம் நம்பர் நான்தானுங்க, என்னை எப்படி அசிங்கப்படுத்தியிருக்கறா பாருங்க, காலேஜுக்கு ஒரு கடுதாசி போடுங்க'ன்னு கத்தினேன். ஆபீசே எந்திரிச்சு நின்னுட்டாங்க. நஸ்ரின் ஓடி வந்து, 'சார், மெதுவாப் பேசுங்க, அது நீங்கதான்னு அதுல எங்கயும் இல்லயே சார்'னுச்சு. 'டோக்கன் என்ற பாக்கெட்டுல இருக்குது, நம்பர் ஏழு'ன்னு எடுத்து மேசை மேல போட்டேன்.

மொதலாளி கட்டுரையைப் படிச்சாரு. நிதானமாப் படிச்சாரு. படிச்சுட்டு என்ன சொன்னாருங்கறீங்க? 'அப்படீங்களா வேலு, சரி, இனிமே நீங்க எழுதறதை அனுப்பறதுக்கு முந்தி நஸ்ரின் ஒருக்காப் பாத்துடட்டும்'. எப்படி இருக்கும் எனக்கு? நான் எழுதுவேனாம், நேத்து வந்த புள்ளை சரி பாக்குமாம். இருபத்தோரு வருசத்துக்கு இதுதான் மரியாதை.

தப்புக் கண்டுபுடிச்சுதான்னு கேக்கறீங்களா? மூணு. மூணே மூணு. அதுல ஒண்ணு, பொங்கலுக்கு மதுரை பஸ்ல ஒரே சீட்டை ரெண்டு பேருக்குக் குடுக்கப் பாத்துது. புரோகிராம் வெளிய போறதுக்கு முந்தியே நஸ்ரின் நிறுத்திப்போட்டுது, ஒண்ணும் ஆகல. அது நான் பழசுல இருந்து எடுத்து ஒட்டினது, பழசையும் நான்தான் எழுதினேன், அது வேற விசயம். நான் சொல்ல வர்றது, அன்னியிலிருந்து நான் கறுவிட்டே இருந்தேனுங்க. குளிக்கறப்ப அவ ஞாபகம், சாப்பிடறப்ப அவ ஞாபகம். அந்த டிபன் டப்பாவைத் தூக்கிக் கார் செட்டுக்குப் பின்னால வீசினேன். எங்கூட்டுக்காரி எடுத்துட்டு வந்து அதுலயே எனக்குப் புளிசாதம் கட்டிக் குடுத்தா.

நல்ல நேரம் தானா வந்துதுங்க. போன வாரம் கோகிலவாணியே வாட்சப்புல அழைப்பு அனுப்பியிருந்தா. பொது வாய்மொழித் தேர்வு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, டாக்டர் பட்டம் குடுக்கறதுக்கு முந்தி எல்லாருக்கும் முன்னால நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க. வெளியூர்ல இருந்து ஒரு பெரிய புரொபசர் வருவாங்க. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் பட்டம். யாரு வேணாலும் போலாம், யாரு வேணாலும் கேள்வி கேக்கலாம். கீழ தனியா எழுதியிருக்கறா, 'சார், நீங்க கண்டிப்பா வரணும்'னு. எத்தனை லொள்ளு பாருங்க. வர்றேன் அம்மிணி, வந்து வெச்சுச் செய்யறேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேன். ஒரு வாரம் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன்.

காலையில போய்ச் சேந்தேன். வாசல்ல ஒரு நோட்டு, பேரெழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. சமோசா, கேக்கு, டீ. மொத வரிசையில அவ அப்பா அம்மா. அந்தம்மா கல்யாணத்துக்குக் கட்டற மாதிரி பட்டுச் சேலை கட்டிட்டு வந்திருந்தாங்க. கோகிலவாணி என்னைப் பாத்ததும் கையைத் தூக்கிக் கும்புட்டா. நான் கும்புடல.

முக்காமணி நேரம் பேசினா. நான் கேக்கவே இல்லீங்க, என்ற கேள்வியையே உள்ள உருட்டிட்டு இருந்தேன். அப்புறம் அந்த வெளியூர் புரொபசர், வயசான அம்மா, வெள்ளைத் தலை, 'வந்தவங்க யாராவது கேக்கறதுன்னா கேக்கலாம்'னாங்க. எந்திரிச்சேன்.

'அம்மா, இவ ஆராய்ச்சியில ஏழாம் நபர்னு ஒருத்தனைக் கேவலப்படுத்தியிருக்கறாளே, அது நான்தான். என் பேரு குழந்தைவேலு. பேரை மாத்தி வெச்சு என்னை ஏமாத்தினா. ஏமாத்தி வாங்கினது ஆராய்ச்சியா? நீங்க இதுல கையெழுத்துப் போட்டா அது நியாயமா'ன்னு கேட்டேன். அந்தப் பட்டுச் சேலைக்காரம்மா வீட்டுக்காரரு கையைப் புடிச்சுட்டாங்க. எனக்கு இரக்கம் வரல. வரவே இல்ல. பத்து மாசம் நான் எரிஞ்சனே, அதுக்கு யாரு இரக்கப்பட்டா?

புரொபசரம்மா பேனாவை மூடி வெச்சுட்டாங்க. மூடி வெச்சுட்டாங்கங்க! எனக்கு அப்ப இருந்த சந்தோசம் இருக்குதே, சொல்லி மாளாது. 'சம்மதப் படிவம் இருக்கா'ன்னு கேட்டாங்க. ஃபைல் வந்துது. என்றதை எடுத்துப் படிச்சாங்க, சத்தமா. 'புரோகிராமில் ஒன்றோடொன்று பொருந்தாத விவரங்கள் இருக்கலாம். ஆய்வு முடிந்ததும் முழு விளக்கம் ஈமெயிலில் அனுப்பப்படும். விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். டோக்கன் எண்ணும் ஆய்வில் வரும் எண்ணும் ஒன்றல்ல.' படிச்சுட்டு, 'இது உங்க கையெழுத்தா'ன்னாங்க. என்றதுதான். 'ஈமெயில் வந்ததா'ன்னாங்க. வந்துதுங்க, ஆனா தலைப்புல நன்றின்னுதானே இருந்துதுன்னேன். பின்னால யாரோ சிரிச்சாங்க.

'இவர் எந்த நபர் அம்மா'ன்னு கோகிலவாணியைக் கேட்டாங்க. அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. 'அதை நான் சபையில சொல்லக் கூடாதுங்க மேடம்'னா. பாத்தீங்களா, மாட்டிக்கிட்டான்னு எனக்கு ஒரே குஷி. 'நானே சம்மதம் குடுக்கறேன், சொல்லு'ன்னேன். 'சார், ஒரு நிமிசம் வெளிய போய்ப் பேசலாங்களா'ன்னு கெஞ்சினா. கண்ணுல தண்ணி. 'வெளிய என்ன பேச்சு, இங்கயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்'னு மேசையைத் தட்டினேன்.

சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா கையில மைக்கு இருந்துது. 'சார், நீங்க ஏழாம் நபர் இல்லீங்க. அவர் வேற கம்பெனி. உங்க கண்ணாடியில வெளிச்சம் பட்டு மெஷினுக்கு உங்க கண்ணே கிடைக்கலீங்க சார். உங்க பதிவை நான் ஆராய்ச்சியில சேத்துக்கவே இல்ல. அந்த ஈமெயில்ல எழுதியிருந்தேன்.'

அப்புறம் புரொபசரம்மா பேனாவைத் தொறந்துட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டு, 'இத்தனை நேரம் நீ பேசினதை விட இவர் பேசினதுல எனக்கு நல்லாப் புரிஞ்சுது'ன்னாங்க. கைதட்டினாங்க பாருங்க, காது அடைச்சுப் போச்சு.

இப்பச் சொல்லுங்க. இது எவ்வளவு பெரிய அவமானம்? ஏழாம் நம்பர்னு கேவலப்படுத்தினாக்கூட ஒரு ஆளா மதிச்சான்னு இருக்கும். என்னைச் சேத்துக்கவே இல்லையாம்! ஆறு கம்பெனியில இருபத்திநாலு பேரைப் புடிச்சா, அதுல ஒருத்தனா இருக்கக்கூட எனக்குத் தகுதி இல்லையாமா? கண்ணாடி சாக்காமா? நஸ்ரினை மட்டும் சேத்திருப்பாளாக்கும்! இதை நான் விடப் போறதில்லீங்க. தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடப் போறேன். என்னை எதுக்கு விட்டாங்கன்னு எழுத்துல பதில் வரோணும். மனுவைப் பாதி எழுதிட்டேன், பஸ் ஸ்டாண்டுலயே.

சாப்பிடாம வந்துட்டேன். கேட்டு வரைக்கும் பின்னாலயே ஓடி வந்தா. ஒரு கையில சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு கையில அவ ஆராய்ச்சி எழுதின இந்தப் புஸ்தகம். பொட்டலத்தைத் தொடல. புஸ்தகத்தை வாங்கினேன், ஆதாரத்துக்கு. இதான், பாருங்க. நான் இன்னும் பிரிக்கலீங்க. எதுக்குப் பிரிக்கோணும், அட்டையிலயே போட்டிருக்குதே என்ன ஆராய்ச்சின்னு. நீங்க பாக்கறதுன்னா பாருங்க. இங்கிலீஷ் பேப்பர் படிக்கறவரு, டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கறவரு, உங்களுக்கு என்ன.

அவிநாசி வந்துட்டுதா? இன்னும் முக்காமணி நேரம் இருக்குது.

என்னங்க? என்ற பேரா? இருக்காதுங்க. என்ற பேருதான் எங்கயும் இல்லைன்னு சபையில சொன்னாளே. எங்க? நன்றி சொல்ற பக்கத்துலயா?

எதிர்ப் பக்கத்துல என்ன படம் அது? கொண்டாங்க பாக்கலாம். பஸ்ஸு. கட்டம். அந்தச் சுழி... இது என்ற கைங்க. ஓரத்துல டீக் கறைகூட அப்படியே வந்திருக்குது. நான் வரைஞ்ச பேப்பர்தான் இது.

வேண்டாம், படிக்காதீங்க. என்ற பேரு மொதல்லயே இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். ஒரு மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடுத்தாருன்னு எழுதியிருந்தா எழுதிட்டுப் போகட்டும். அந்தப் பேப்பர் இல்லாட்டி இந்த ஆராய்ச்சியே இல்லைன்னு எழுதியிருக்குதா? நெசமாவா? நம்ப மாட்டேனுங்க. மேல எழுதியிருக்கற பேரை நம்பி ஒருக்கா ஏமாந்தது போதாதா? உள்ள என்ன வெச்சிருக்கறாளோ யாரு கண்டா. மூடுங்க. மூடிக் குடுங்க.

இருங்க, இருங்க. மூடறதுக்கு முந்தி அந்தப் பக்கத்தை முனையில மடிச்சு வெச்சுடுங்க.

எதுக்கா? மனுவுல பக்க நம்பர் கேப்பாங்கல்லங்க.